ஆறாவது செவ்வாய்

என் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றுக்குக் கால் ஆடும். அதில் எப்போதும் நான்தான் உட்காருவேன். விசாரிக்க வந்திருக்கிறீர்கள் டாக்டர், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் இடத்துக்கு அடுத்து, பஞ்சுப் பெட்டிகள் அடுக்கிய அறை. மனச்சோர்வு என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டு எழுதி அனுப்புகிறவர்களிடம் பேசுவது என் வேலை. பத்து நாள் பயிற்சி பெற்ற நர்ஸ் நான். ஆளுக்கு வாரம் அரை மணி நேரம், ஆறு வாரம். ஒவ்வொரு தடவையும் ஒன்பது கேள்விகள் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். ஆறாவது வாரம் ஐந்துக்குக் கீழே வந்திருந்தால் கோப்பை மூடிவிடலாம். பத்துக்கு மேலே நின்றால் இன்னும் ஆறு வாரம். ஒரு நாளைக்குப் பதினொரு பேர். வீட்டுக்குப் போனால் எனக்கு வாய் திறக்கத் தோன்றாது. திறந்தாலும் கேட்க ஆளில்லை.

தையல்காரம்மா செவ்வாய்க்கிழமை வருவார். மகள் காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, மெஷினையே தொடுவதில்லை. முதல் நாள் மதிப்பெண் பத்தொன்பது. தினம் பத்து நிமிடம் மெஷினில் உட்காரச் சொன்னேன். தலையணை உறை தைத்தார். பிறகு பக்கத்து வீட்டுத் திரைச்சீலை. ஐந்தாவது வாரம் மதிப்பெண் ஆறு. அன்று என் சட்டைக் கையில் தையல் விட்டிருந்ததைப் பார்த்துப் பையிலிருந்து ஊசியை எடுத்தார்.

"கையை நீட்டுங்க சிஸ்டர். கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கே, உங்களை யாரு விசாரிக்கிறா?"

யாருமில்லை என்றேன். அந்த அரை மணி நேரமும் நானே பேசினேன்.

இப்படியே இறங்கினால் அடுத்த வாரம் கோப்பு மூடப்படும். அதனால் அவர் கிளம்பும்போது வீட்டுப் பயிற்சியை மாற்றினேன். மகளுக்காக வெட்டி, பாதி தைத்த கவுன் ஒன்று பெட்டியில் இருப்பதாக முன்பே சொல்லியிருந்தார். அதை மடியில் வைத்துத் தினம் ஒரு மணி நேரம் பாருங்கள், தைக்க வேண்டாம் என்றேன். துக்கத்தை அரைகுறையாக மூடக் கூடாது என்பது என் கருத்து. பயிற்சிப் புத்தகத்தில் அப்படி இல்லை.

ஆறாவது செவ்வாய், பதினான்கு.

அடுத்த ஆறு வாரத்தில் அவராகவே மறுபடி தேறினார். மறுபடி கவுனை எடுக்கச் சொன்னேன், மதிப்பெண்ணும் மறுபடி ஏறியது. ஒரு நாள் அவருடைய கணவர் வந்தார்.

"வீட்டுல என்கிட்ட ரெண்டு வார்த்தை பேச மாட்டேங்கிறா. உங்ககிட்ட மட்டும் அப்படி என்னதான் சிஸ்டர் பேசுறா?"

குணமாகும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் சுற்றின் முடிவில் கவுன் பலிக்கவில்லை. அதைத் தைத்து முடித்து, அடுத்த தெருக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாராம். சிரித்தபடி சொன்னார். மகளுக்குக் காய்ச்சல் ஏறிய அன்று எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டேன். அதற்கு முன்பே கிளம்பியிருக்க முடியுமா, ஒரு வாரம் யோசித்துவிட்டு வாருங்கள் என்றேன்.

அதன் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சுவரைப் பார்த்தபடியே இருக்கிறாராம். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். மறுக்கவில்லை.

அங்கே அவர் பக்கத்தில் யாராவது பொறுமையாக உட்காருகிறார்களா, கேட்டுச் சொல்லுங்கள் டாக்டர். செவ்வாய்க்கிழமை அவருடைய அரை மணி நேரத்தை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.