மஞ்சள் ஷாலில் பாஸ்பரஸ்

ராஜாத்தி: அங்கயே நில்லுண்ணா! கிட்ட வராத!

ஆஞ்சப்பன்: ஏய்... பெங்களூர் லேபுல இருக்க வேண்டியவ பட்டப்பகல்ல ஜூஜுவாடி வூட்ல என்னா பண்ற? பேயி கீயி அடிச்சிருச்சா? கையில என்னா, ரேடியோவா?

ராஜாத்தி: கதிர்வீச்சு அளக்கற லேபு கவுண்டர். நேத்து நான் போட்டுட்டு வந்த மஞ்ச ஷாலு எங்க?

ஆஞ்சப்பன்: நானே அவசரமா சோறு திங்க பேக்டரில இருந்து வந்திருக்கேன். இவ ஷாலு கேக்கறா...

ராஜாத்தி: விளையாடாதண்ணா! அதுல பாஸ்பரஸ் சிந்தியிருக்கு.

ஆஞ்சப்பன்: தீப்பெட்டில தடவற மருந்தா? துவைச்சா போச்சு.

ராஜாத்தி: ஐயோ, இது கதிர் வீசற பாஸ்பரஸ். கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பொட்டி தான் டிக் டிக்னு காட்டும்.

ஆஞ்சப்பன்: அந்தக் கருமத்தை எதுக்குடி தொடறீங்க?

ராஜாத்தி: நம்ம ஒடம்பு செல்லுக்குள்ள ஒரு என்சைம் இருக்குண்ணா. செல்ல சுத்தி சவ்வு இருக்குல்ல, அதுக்கு வேண்டிய கொழுப்பு செய்யறதுல இந்த என்சைமுக்குப் பெரிய பங்கு. ஆனா அது மேல பாஸ்பேட் ஒட்டிக்கிச்சுன்னா வேலை செய்யாம சும்மா மிதக்கும். அந்த பாஸ்பேட் கழண்டா...

ஆஞ்சப்பன்: வூட்டுக்கு ஓடிடுமா, உன்ன மாதிரி?

ராஜாத்தி: சவ்வுல போய் ஒட்டிக்கிட்டு வேலைய ஆரம்பிக்கும்! உங்க மிஷின்ல ரிப்பேர்னு செவப்பு அட்டை தொங்க விடுவீங்கல்ல? அது தொங்கற வரைக்கும் யாராவது சுவிட்ச் போடுவீங்களா?

ஆஞ்சப்பன்: கை போயிடும்டி.

ராஜாத்தி: பாஸ்பேட்டும் அந்த அட்டை மாதிரி தான். எங்க தொங்குதுன்னு பாக்கத் தான் கதிர் பாஸ்பரஸ். வேலை முடிஞ்சா கை, காலு, துணி எல்லாம் இந்தக் கவுண்டர் வச்சி பாத்துட்டு தான் கெளம்பணும். நேத்து... அத்திப்பள்ளி பஸ்ஸு போயிடும்னு பாக்காமயே ஓடியாந்துட்டேன். இன்னைக்கு லேபுல இதை என் நாற்காலி முதுகுல வச்சா... கத்துதுண்ணா அது! ஷாலு தொங்கின எடம் அது. இப்ப ஷாலு எங்க?

ஆஞ்சப்பன்: உங்க அண்ணிகிட்ட. தண்ணி புடிக்கப் போயிருக்கா.

ராஜாத்தி: போட்டுட்டா?

ஆஞ்சப்பன்: குளிருதுன்னு ராவெல்லாம் சுத்திக்கிட்டா. காலைல இருந்து அதோட மூலைய... வாயில அடைச்சிக்கிட்டே திரியறா.

ராஜாத்தி: வாயிலயா! எதுக்கு?

ஆஞ்சப்பன்: தாளிக்கற வாடை ஒத்துக்கலையாம்.

ராஜாத்தி: அண்ணிக்கா? எப்பத்துல இருந்து...

ஆஞ்சப்பன்: பித்தம்டி! பித்தம். அதை வுடு... ஆபத்தான்னு சொல்லு.

ராஜாத்தி: ஒரே ஒரு சொட்டு தான் இருக்கும். வளந்த ஆளுக்கு பெருசா ஒண்ணும் ஆவாதுன்னு... நெனைக்கறேன். ரெண்டு வாரத்துல பாதி வீரியம் போயிடும். புதுசு புதுசா செல்லு கட்டற ஒடம்பு தான் பாஸ்பேட்ட அள்ளி அள்ளி எடுத்துக்கும். பச்சக் கொழந்தைங்க மாதிரி. நல்லவேளை, நம்ம வூட்ல கொழந்த இல்ல.

ஆஞ்சப்பன்: இருக்குடி.

ராஜாத்தி: என்னா சொல்ற? அண்ணா?

ஆஞ்சப்பன்: போன தடவ மாதிரி இதுவும் கலைஞ்சிடக் கூடாது, மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத, கண்ணு பட்டுடும்னு சத்தியம் வாங்கிட்டா, ராசாத்தி... உன்கிட்ட கூட. உள்ள இருக்கறதுக்கு... அதுக்கும் போயிருக்குமா? படிச்சவ தான நீ... நீ என்னா நெனைக்கற?