நாலு திருகாணி

அன்றைக்குச் சுண்டலில் உப்பு சரியாக இருந்தது. மீனாட்சி கை அப்படி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் தன்னைப் பற்றிப் பேசாமல் இருந்தது அந்தச் சுண்டல் ஒன்றுதான்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். வெளிநாட்டுக்கு வந்து பாபகூராவில் குடியிருந்து, புக்கெகோஹியில் காய்கறி பேக்கிங் கம்பெனி ஒன்றுக்குச் சம்பளக் கணக்குப் போடுகிறவனுக்கு ஆங்கிலம் தெரியாமலா போகும்? இருந்தும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் வாக்கியத்துக்கு ஒரு ‘சாரி’ தானாக வந்து விழுந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் என்னிடம் சாரி எதுவும் இல்லை. நிலானி, நான் சொல்வதை டிடெக்டிவிடம் அப்படியே சொல்லுங்கள், மெருகெல்லாம் வேண்டாம். “ஓம், அப்பிடியே சொல்லுறன்” என்கிறீர்கள். நன்றி.

செத்துப்போன ரங்கநாதன், மீனாட்சியின் கணவர், ஐ.டி.யில் ஏதோ மேனேஜர். பாபடோயிட்டோயில் வீடு. ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போனவர், திரும்பும்போது ஒரு பெட்டி நிறைய பேஸ்பால் கார்டு வாங்கி வந்தார். எல்லாம் 2001ஆம் வருட சீசன். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவர் அடித்த கணக்கு. பெயர் பெற்றவர்கள் ஸ்டார். அந்த வருடம்தான் முதன்முதலாக ஆட வந்தவர்கள் ரூக்கி. ரூக்கி கார்டுக்குத்தான் கிராக்கி. பையன் பின்னாளில் பெரிய ஆளாகிவிட்டால், “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. ரங்கநாதன் பிறந்ததே அந்த வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தான். மனிதர் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அதில் எல்.பி.டபிள்யூ உண்டா என்று ஒரு தடவை என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டார்.

நானும் அதே சீசன் கார்டுகளை வைத்திருக்கிறேன். சும்மா, பொழுதுபோக்கு. நான் மேடை போட்டதில்லை.

இந்த நவராத்திரிக்கு அவர் கார்டுகளைக் கொலு வைத்தார். மேல்படியில் கலசமும் அம்பாளும். அந்த அளவுக்காவது பயம் இருந்தது. தசாவதாரம் நிற்க வேண்டிய படியில் ஸ்டார்கள். அதற்குக் கீழே ரூக்கிகள். மரப்பாச்சி தம்பதிக்கு பேஸ்பால் தொப்பி. செட்டியார் பொம்மை தன் மளிகைக் கடையோடு இவர்கள் எல்லோருக்கும் கீழே உட்கார்ந்திருந்தது. வந்த பெண்கள் பாட வாயைத் திறந்தால் இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விளக்கம் ஆரம்பிப்பார்.

பக்கத்து வீட்டு எட்வேட், மன்னார்க்காரர், ஒருநாள் அந்தப் பிரசங்கத்தை முழுக்கக் கேட்டார். கடைசியில், “உது எங்கட எல்லே விளையாட்டுத்தானே ஐயா? பள்ளிக்கூடத்தில மூங்கில் தடியால நாங்கள் அடிச்சு விளையாடினது,” என்றார்.

“மிஸ்டர் எட்வேட், திஸ் இஸ் எ கலெக்‌ஷன்.”

“ஓம் ஓம், நான் ஒண்டும் சொல்லேல்லை. சுண்டல் இன்னும் கிடக்கோ?”

நான் சிரித்தேன். ரங்கநாதன் என்னைப் பார்த்தார். “சில்லறைக் கார்டு சேர்க்கறவாளுக்கு இதெல்லாம் சிரிப்பாத்தான் இருக்கும்,” என்றார், பத்துப் பேர் முன்னால். அதற்காக நான் கோபப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. கையுறை இல்லாமல் கார்டைத் தொடக் கூடாது. கார்டு கையில் இருக்கும்போது பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும். வேறு வேலைக்குத் திரும்பக் கூடாது. முதலில் மெல்லிய உறை, அப்புறம் கெட்டி பிளாஸ்டிக் பெட்டி, அப்புறம் அதன் நாலு மூலைக்கும் நாலு திருகாணி. “வீடே பத்திண்டு எரிஞ்சாலும் நாலு ஸ்க்ரூவையும் முடுக்கிட்டுத்தான் ஓடணும்,” என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

சரஸ்வதி பூஜை அன்று பிற்பகல், மற்ற வீடுகளுக்குத் தாம்பூலம் வாங்கிக்கொள்ள மீனாட்சி காரில் கிளம்பினார். கொலுவுக்குக் காவலாக ரங்கநாதன், அவருக்குத் துணையாக நான். வாசலில் மீனாட்சி என் கையில் ஒரு சின்ன ஸ்ப்ரேயைக் கொடுத்தார்.

“இவர் பட்டு வேஷ்டி கட்டிண்டிருக்கார், பாக்கெட் கிடையாது. உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணா. நெஞ்சைப் பிடிச்சா நாக்குக்கு அடியில ஒரு அடி. உடனே ஆம்புலன்ஸுக்கு ஒன் ஒன் ஒன்னுக்குப் போன் பண்ணிடுங்கோ.”

“கவலைப்படாம போய்ட்டு வாம்மா,” என்றேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கார் தெரு முனை திரும்பியதும் ரங்கநாதன் ரூக்கி படியின் நடுவிலிருந்த பெட்டியை எடுத்துத் திருகாணிகளைக் கழற்றினார். மற்றவர்களுக்குப் பெட்டியோடுதான் தரிசனம். எனக்கு மட்டும் கார்டையே காட்டினார், என்னை அழ வைக்க வேண்டுமே. “கையுறையை மாட்டும் ஓய். மூலை நாலும் பாரும். கத்தி.”

பார்த்தேன். கத்திதான்.

அப்போது அவர் மார்பில் கையை வைத்தார். கொலுப்படி ஓரமாக உட்கார்ந்தார், பிறகு கம்பளத்தில் சரிந்தார். “கோதண்டம்... ஸ்ப்ரே...” என்றார்.

கார்டு என் கையில் இருந்தது. கார்டு கையில் இருக்கும்போது பேசக் கூடாது. பேசவில்லை.

மெல்லிய உறையில் போட்டேன். அவசரப்பட்டால் ஓரம் மடங்கும், அதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பெட்டியில் வைத்தேன். மூக்குக்கண்ணாடி ரிப்பேருக்கு வைத்திருப்பார்களே, அந்த அளவு ஸ்க்ரூடிரைவர். முதல் திருகாணியை முடுக்கும்போது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகச் செய்கிறேனா என்று பார்க்கிறார் என எடுத்துக்கொண்டேன். இரண்டாவதன்போது ஒரு விரலை உயர்த்தினார். விளக்கம் சொல்லும்போதும் அப்படித்தான் உயர்த்துவார். மூன்றாவது திருகாணி கை நழுவி செட்டியாரின் பருப்புக் கிண்ணத்துக்குப் பின்னால் உருண்டுவிட்டது. தேடி எடுத்தேன். நாலாவதை முடுக்கும்போது என்னை மேற்பார்வை பார்க்க அங்கே யாரும் இல்லை.

கையுறையை விரல் விரலாகக் கழற்றினேன். ஸ்ப்ரேயை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் ஒரு அடி அடித்தேன். ஆகவே மீனாட்சி அழுதுகொண்டே, “அண்ணா, அடிச்சேளா?” என்று கேட்டபோது, “அடிச்சேம்மா” என்று நான் சொன்னது பொய்யல்ல. ஒன் ஒன் ஒன்னுக்கும் போன் செய்தேன். ஆம்புலன்ஸில் வந்த பையன் என் தோளைத் தட்டி, உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்றான். நான் மறுக்கவில்லை. ஸ்ப்ரே இருந்த பையில் அப்போது அந்தப் பெட்டி இருந்தது.

கொலுவை இறக்கும்போது ரூக்கி படியில் நடு இடம் காலியாக இருப்பதை மீனாட்சி பார்த்தார். போலீஸுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டார். புத்திசாலி. அந்த வீட்டில் அவரை யாரும் பேச விட்டதில்லை, அவ்வளவுதான்.

ரங்கநாதன் செத்துக்கொண்டிருப்பது தெரிந்துதான் முடுக்கினீர்களா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான். முதல் திருகாணியிலேயே தெரியும். கையுறையோடும் பையிலிருந்து ஸ்ப்ரேயை எடுக்கலாம் என்று தெரியும். கார்டைக் கம்பளத்தில் போட்டிருக்கலாம் என்றும் தெரியும். போட்டிருந்தால் ஒரு மூலை மழுங்கியிருக்கும். அவரைச் சாகவிட்டது நான்தான். விபத்து, பதற்றம் என்றெல்லாம் எழுதி என்னைச் சின்னவனாக்க வேண்டாம். தன்னையே கொலு வைத்து ஊரைக் கும்பிடச் சொன்ன ஒரு மனிதரை அவர் போட்ட சட்டப்படியே அனுப்பிவைத்தேன். நாளைக்கே இன்னொருவர் இப்படிக் கொலு வைத்தாலும் இதையேதான் செய்வேன். பேராசை, பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு அது வெறும் அட்டை.

உங்கள் ஆட்கள் என் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டார்களாம். பார்க்கட்டும். அந்த சீசனின் ஸ்டார்கள் எல்லோரும் அங்கே வரிசையாக நிற்கிறார்கள், ரூக்கிகளும். வருடக்கணக்காக அந்த வரிசையில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. இப்போது இல்லை. அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நிலானி, அதை மட்டும் அவரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.