லேப் அக்காவிடம் கேட்டால் தெரியும்

டீ வேண்டாம் மேடம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை போடாமல் தரச் சொல்கிறேன் என்பீர்கள், அது எனக்கு இறங்காது. தண்ணீர் போதும். கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ளட்டுமா? திருநள்ளாற்றிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சனிக்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததா.

ஸ்டேஷன் வாசலில் எங்கள் லேப் பெண் சஜிதா அழுதுகொண்டிருக்கிறாள். கேட்டுக் கேட்டு எனக்குத் தலை வலிக்கிறது. அவளை அனுப்பிவிடுங்கள். அந்த நெரவிப் பெண்ணின் ரிப்போர்ட் விஷயத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் நான், வெளியில் சொன்னதும் நான். பதிவில் சஜிதா பெயர் ஏன் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லேபில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு உண்டு. முதலாளி பாலகுரு சார் வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து எங்களுக்கு வகுப்பே எடுக்க வைத்தார். ஆனால் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்து நிற்கிறவர்களை வைத்துக்கொண்டு யார் மாற்றி மாற்றித் திறப்பது? காலையில் முதலில் வருகிறவள் சஜிதா. அவள் திறந்து வைத்தால் சாயங்காலம் வரை எல்லோருக்கும் அவள் பெயரிலேயே வேலை ஓடும். யார் எந்த ரிப்போர்ட்டைத் திறந்தாலும் பெயரோடு பதிவாகும் என்று அந்த வகுப்பில் சொன்னார்கள். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் என் பெயரில் திறந்ததே இல்லை.

ஏன் பார்த்தாய் என்று கேட்பீர்கள். என் மகள் அல்லிக்கு நாலு இடத்தில் விசாரித்துத்தான் மாப்பிள்ளை பார்த்தோம். தங்கமான பையன் என்றார்கள். கல்யாணமான வருடமே டயாலிசிஸ், அடுத்த வருடம் அவனும் இல்லை. அவனுடைய பழைய ரிப்போர்ட் நான் வேலை பார்க்கிற அதே கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. எனக்குத் தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. அல்லி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

அதனால் சம்பந்தம் பேசுகிறவர்கள் யார் வந்து கேட்டாலும் பார்த்துச் சொன்னேன். காசு வாங்கியதில்லை. கல்யாணத்துக்குப் போனால், "லேப் அக்கா வந்துட்டாங்க, நாற்காலி போடு" என்பார்கள். அவ்வளவுதான். ஒரே சங்கடம், ஒன்றுமில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "நல்லாப் பாத்தீங்களாக்கா? அவங்க ஒங்களுக்கு வேண்டியவங்களா?" என்று நம்மையே சந்தேகப்படுவார்கள்.

சந்திரலேகா எங்கள் தெருக்காரி. மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு லேபுக்கே வந்தாள்.

"அக்கா, நெரவிப் பொண்ணு. தமிழ்மொழின்னு பேரு. பத்திரிகை அடிக்கக் குடுக்கப் போறோம், அதுக்குள்ள ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க."

பெயரைப் போட்டேன். நெரவியில் இரண்டு தமிழ்மொழி வந்தது. ஒருத்திக்கு ரத்தம் கொஞ்சம் கம்மி. இன்னொருத்திக்குக் கர்ப்பம் உறுதி. அப்பா பெயரைக் கேட்டிருக்கலாம், ஃபோன் நம்பரை ஒத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒருத்தி மெனக்கெட்டு விசாரிக்க வந்திருக்கிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. இருக்கிறதைச் சொன்னேன்.

"வேணாம் சந்திரா, விட்டுடு."

"என்னக்கா, பொடி வச்சுப் பேசுறீங்க?"

"நாள் தள்ளிப்போயிருக்கு."

அவளுக்கு அது போதும். எழுந்து போய்விட்டாள்.

கல்யாணம் நின்றுபோன அந்த வாரமே இன்னொரு தமிழ்மொழி மாமியாரோடு வந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. நான் சொன்னது இவள் ரிப்போர்ட்டை என்று எனக்கு விளங்கிவிட்டது. சந்திரலேகாவுக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள் மேடம். ஒன்று தப்பு என்று தெரிந்தால் அதுவரை நான் சொன்னதையெல்லாம் யார் நம்புவார்கள்? எத்தனை பெண்களை அல்லி மாதிரி ஆகாமல் காப்பாற்றியிருக்கிறேன்.

பிறகு அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா பெரியநாயகி வந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"எம்பொண்ணப் பத்தி என்னென்னமோ பேசுறாங்கம்மா. ரத்தம் கம்மின்னுதானே இங்க வந்து டெஸ்ட் எடுத்தோம். அந்தப் பேப்பரு எங்கயோ தவறிடுச்சு. இன்னொன்னு போட்டுக் குடுங்க, அவங்கப்பாகிட்டயும் மாப்பிள்ள வீட்டுலயும் காட்டிட்டு வந்துடுறேன்."

"அவங்களே வந்தாத்தான்மா தருவோம். ஒருத்தர் ரிப்போர்ட்ட இன்னொருத்தர் கையில குடுக்கக் கூடாது. அது ரகசியம்."

"நான் பெத்தவம்மா."

"பெத்தவங்களா இருந்தாலும்."

"அவள அவங்கப்பா வாசப்படி தாண்ட விட மாட்டேங்கிறாரும்மா. அடி தாங்கல புள்ள."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது."

பக்கத்தில் இருந்த சஜிதாவுக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, போட்டுக் குடுத்துடுவமா? பாவமா இருக்கு" என்றாள்.

"குடு. ஒம் பேர்ல பதிவாகும், பாத்துக்க" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

விதி அப்படித்தான் மேடம். அந்த வகுப்பில் அதையும் சொல்லிக்கொடுத்தார்கள். பெரியநாயகி கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு போய்விட்டார். மறுநாள் அவர் மகள் வயலுக்கு வாங்கி வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டாள். பிழைக்கவில்லை.

அந்த ஒரு தாளை அடித்துக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பிரிண்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்தால் என் பேச்சு பொய்யாகிவிடும், அதனால் கொடுக்கவில்லை. சஜிதாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அசதியாக இருக்கிறது, சீக்கிரம் முடித்துவிடலாம்.

ஒன்று மட்டும் மேடம். உங்கள் பெண்ணுக்குக் கோட்டுச்சேரியில் இடம் பேசுவதாக வெளியே அந்தக் கான்ஸ்டபிள் பெண் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் போன வருடம் எங்கள் லேபுக்கு வந்தான், எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் கேட்டால் சொல்கிறேன். உங்களிடம் மட்டும்தான், வேறு யார் காதுக்கும் போகாது.