மாயக்காள் கேட்ட கப்பல்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் காதர் பீவி டீச்சர் அவர்களே! எங்கள் நீர்வண்ண ஓவியர் குழுவின் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே! கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருக்கும் கடைத்தெரு நண்பர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜோதிமணி மதினி அவர்களே! சின்னாளபட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் மாயக்காள் ஆத்தா அவர்களே! அனைவருக்கும் கண்ணாடிக் கடை சின்னக்கண்ணுவின் வணக்கம்.

நான் படித்தது ஐந்தாவது. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் நின்றேன். என் கையில் மைக்கைக் கொடுத்தது டீச்சருடைய தைரியம். சுருக்கமாகப் பேசு என்று சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

இதோ, மாலைக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாரே எங்கள் அண்ணன், ஓவியச் செம்மல் தங்கமுத்து, இந்தப் படத்துக்குப் பிரேம் போட்டது நான்தான். தங்கக் கலர் பிளாஸ்டிக் சட்டம். அண்ணனுக்கு இது ஆகவே ஆகாது. கடைக்கு வரும்போதெல்லாம், "ஏலே, இது என்ன கல்யாண மண்டபமா? மரச்சட்டம் எடு" என்பார். இன்றைக்குத் திட்ட ஆளில்லை என்ற தைரியத்தில் போட்டுவிட்டேன்.

ஓவியச் செம்மல் என்ற பட்டத்தைக் கொடுத்தது நம் குழு. சால்வையும் போர்த்தினோம். மறுவாரம் பார்த்தால் அந்தச் சால்வையில் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்! கேட்டதற்கு, "நல்லாத் தண்ணி உறிஞ்சுதுடா" என்றார். இந்த மனிதரை எப்படிப் புகழ்வது, சொல்லுங்கள்?

அண்ணன் நூல் மில்லில் பாய்லர் பிட்டராக இருந்தவர். லீவு நாளில் வரைவார். ஓய்வு பெற்ற பிறகு எல்லா நாளும் வரைந்தார். எதை வரைந்தார்? எல்லோரும் மலைக்கோட்டையைக் காலண்டரில் வருகிற மாதிரி வரைந்தபோது, அவர் செல்போன் கோபுரத்தோடு சேர்த்து வரைந்தார். சிறுமலையை வரைந்தார். பூட்டுப் பட்டறையை வரைந்தார். தூத்துக்குடிக்குப் போய்ப் பாய்மரத் தோணிகளை வரைந்தார். பழைய போட்டோக்களைத் தேடிப் பிடித்து, இப்போது எந்தத் துறைமுகத்திலும் இல்லாத நீராவிக் கப்பல்களை வரைந்தார். கடல் இல்லாத ஊரில் கப்பல் எதற்கு என்று நானே கேட்டிருக்கிறேன். "பாய்லர் உள்ளது எல்லாம் நம்ம சொந்தம்தான்லே" என்றார்.

முதன்முதலாக என் கடைக்கு அவர் கொண்டுவந்தது தோல் பதனிடுகிற ஷாப் படம். தோல் காயப்போட்டிருக்கிறது, சுண்ணாம்புத் தொட்டி இருக்கிறது, ஈ கூட இருக்கிறது. "அண்ணே, இதை எந்த வீட்டுல மாட்டுவாக? சோறு இறங்குமா?" என்று கேட்டேன்.

"நீ கண்ணாடியைப் போடு. ஈ வெளிய வராது" என்றார்.

அதுதான் அண்ணன். இருப்பதை வரைவார். இல்லாததை வரையவே மாட்டார். ஒரு முதலாளி தன் மில்லை வரைந்து தரச் சொன்னார். மில்லின் பெயர் வேண்டாம், அவருக்கும் கல்யாணங்காட்சி இருக்கிறது. "புகைபோக்கி இருக்கட்டும், புகை மட்டும் வேணாம்" என்றார் முதலாளி. அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "பாய்லரை ஒருநா நிறுத்துங்க, வந்து வரஞ்சு தாரேன்." முதலாளி நிறுத்தவில்லை, அண்ணன் புகையோடுதான் வரைந்தார். அந்தப் படம் கடைசியில் எங்கே தொங்கியது? அண்ணன் வீட்டு அடுப்படியில்! புகையோடு புகை.

நீர்வண்ணம் எப்படிப்பட்டது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அண்ணன் இல்லை, அண்ணன் சம்சாரம், நம் மதினி. மதினி சிரிக்கிறார், அதனால் சொல்லலாம். ஒரு ஆயுத பூஜைக்கு மதினி வீடு முழுக்கத் துடைத்தார். மிக்ஸியைத் துடைத்தார், சைக்கிளைத் துடைத்தார், மேசையில் கண்ணாடி போடாமல் கிடந்த கப்பல் படத்தையும் ஈரத் துணியால் நன்றாக அழுத்தித் துடைத்தார். துடைத்து, நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். அண்ணன் வந்து பார்க்கிறார். கடலே இல்லை! கப்பல் அந்தரத்தில் நிற்கிறது.

"என்ன ஜோதி இது?"

"அழுக்கா இருந்துச்சு, தொடச்சேன்."

"அழுக்கு இல்ல, வங்காள விரிகுடா."

சண்டை அவ்வளவுதான். அந்தப் படத்தையும் பிரேம் போட்டோம், குங்குமத்தோடு. இன்றும் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அம்மன் படம் என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணன் பெட்டியில் வெள்ளை வண்ணம் கிடையாது. "ஒரு டியூப் வாங்குங்களேன்" என்றேன். "வெள்ளைக்குத்தான் காகிதம் இருக்கே. வேணுங்கிற இடத்தை முதல்லயே விட்டுரணும். வண்ணம் ஏறினபெறகு அழுதாலும் வராது" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஏன்? நான் சின்னாளபட்டிக்காரன். சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. அதுதான் பொட்டு. சேலையைச் சாயத் தொட்டியில் போட்ட பிறகு முடிச்சுப் போட முடியுமா? முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி மாயக்காள் ஆத்தா கதைக்கு வருகிறேன்.

ஆத்தா வயிற்றில் இருக்கும்போது அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போனார். திரும்பவில்லை. கடிதம் இல்லை, போட்டோ இல்லை. ஆத்தாவின் தாயார் கரையில் நின்று பார்த்திருக்கிறார். கப்பல் தள்ளி ஆழக் கடலில் நிற்கும், படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். மேலே ஏறியதும் அப்பா கையைத் தூக்கி ஆட்டினாராம். ஆத்தாவுக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். போன தைக்குப் பிறகு ஒருநாள் என் கடைக்கு வந்தார். அண்ணனும் அங்கே இருந்தார்.

"ஏப்பா தங்கமுத்து, நீ கப்பல் வரையிறியாம்ல. அந்தக் கப்பலை வரஞ்சு குடு. எங்கப்பனையும் அதுல நிப்பாட்டு."

"கப்பலை விசாரிச்சு வரையிறேன்க்கா. ஆளை நான் பாத்ததில்லையே."

"கப்பலை மட்டும் பாத்தியாக்கும்?"

"அந்த மாதிரிக் கப்பலுக்குப் போட்டோ இருக்குக்கா."

"எங்கப்பனுக்குப் போட்டோ இருந்தா உன்கிட்ட ஏன் வாரேன்? இந்தச் சின்னக்கண்ணுப் பய கிட்டப் பிரேம் போட்டு மாட்டிட்டுப் போயிர மாட்டேன்?"

நான் நடுவில் புகுந்தேன். "அண்ணே, கரையிலிருந்து பார்த்தா ஆளு கடுகளவுதான் தெரியும். ஒரு புள்ளியை வச்சு, இதுதான் உங்கப்பன்னு சொல்லிருங்க. சோலி முடிஞ்சுது." அண்ணன் என்னை முறைத்தார். "கடுகளவு பொய்யும் பொய்தான்லே." பிறகு ஆத்தாவைப் பார்த்து, "அம்புட்டுத் தூரத்துல ஆளு அடையாளம் தெரியுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்காத்தாவுக்குத் தெரிஞ்சுச்சு" என்றார் ஆத்தா. சொல்லிவிட்டு விறுவிறு என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அண்ணன் நாகப்பட்டினம் போனார். பழைய ஆட்களை விசாரித்தார். படகு எப்படிப் போகும், ஏணி எந்தப் பக்கம் இறக்குவார்கள், எல்லாம் கேட்டு வந்து வரைந்தார். ஆத்தா வாரம் ஒருதரம் வருவார். "எங்கப்பன் ஏறிட்டாரா?" என்பார். "மாட்டேன்க்கா" என்பார் அண்ணன். "அப்ப நானும் விட மாட்டேன்" என்பார் ஆத்தா. எனக்குச் சினிமாச் செலவு மிச்சம்.

போன வாரம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், அண்ணன் படத்தை அட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். "முடிஞ்சிருச்சுலே. மரச்சட்டம் போடு. மாயக்காகிட்ட நானே குடுத்துக்கிறேன்" என்றார். கொடுக்க வரவில்லை. புதன்கிழமை அவரை மயானத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் படத்தை எடுத்துக் கண்ணாடி வைத்தேன். கப்பல் நிற்கிறது. கரும்புகை போகிறது. மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டம், பழுப்பும் நீலமுமாகப் புள்ளிப் புள்ளியாக. நடுவில் ஒரு வெள்ளைத் தூசி. பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று கண்ணாடியை எடுத்து ஊதினேன். போகவில்லை. பிரஷ்ஷால் தட்டினேன். போகவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தேன். தூசி இல்லை. வண்ணம் ஏறாத வெறும் காகிதம்!

டீச்சரைக் கூப்பிட்டேன், மதினியும் வந்தார். "விட்டுப்போச்சோ என்னமோ, ஒரு தொடு தொட்டு முடிச்சிரவா?" என்று டீச்சர் நல்ல மனதோடுதான் கேட்டார். மதினி சொன்னார், "அவுக முடிஞ்சுதுன்னு சொன்னா முடிஞ்சுது டீச்சர்." டீச்சர் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். வண்ணப் பெட்டியை மூடினார்.

சபையோரே, யோசித்துப் பாருங்கள்! அந்த இடத்தைக் கடைசியில் விட முடியுமா? வானம் தீட்டுவதற்கு முன்பே, கூட்டம் போடுவதற்கு முன்பே விட்டிருக்க வேண்டும். அப்படியானால் என்ன அர்த்தம்? வாராவாரம் "மாட்டேன்க்கா, மாட்டேன்க்கா" என்று சண்டை போட்டாரே, அந்த முதல் நாளே இடம் ஒதுக்கிவிட்டார் மனிதர்! பார்க்காத ஆளை வரையவும் இல்லை, அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிடவும் இல்லை.

ஆத்தா, மேடைக்கு வாங்க. மதினி, நீங்களும் வாங்க, உங்கள் கையால் கொடுங்கள். ஈரத் துணி மட்டும் வேண்டாம்.

பாருங்க ஆத்தா. இதுதான் கப்பல். விரலை வையுங்க, கண்ணாடி இருக்கிறது, ஒன்றும் ஆகாது. அந்த வெள்ளை... ஆமாம், அதுதான். என்ன? சத்தமாகச் சொல்லுங்க. மைக்கில் சொல்ல மாட்டாராம். நான் சொல்கிறேன், கேளுங்கள். "கையைத் தூக்கியிருக்காருல்ல" என்கிறார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன் நான். எனக்குத் தெரியவில்லை.

சரி. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல் நம் குழு செம்பட்டி ரோட்டில் கூடும். அண்ணன் பாதியில் வைத்துவிட்டுப் போன பழைய பஞ்சு ஜின்னிங் பாக்டரியை எல்லோரும் உட்கார்ந்து வரைவோம். புகை இருந்தால் புகையோடு, குப்பை இருந்தால் குப்பையோடு. தெரியாததை இட்டுக்கட்ட மாட்டோம், ஆனால் அதற்கு இடம் விடுவோம். தண்ணீர் கேன் தூக்குவது, குடை பிடிப்பது, கேலி பேசுவது மூன்றும் என் பொறுப்பு. இது ஓவியச் செம்மல் தங்கமுத்து அண்ணன் படத்துக்கு முன்னால் நாம் கொடுக்கிற வாக்கு!

அண்ணே, போய் வாங்க. இந்தத் தங்கக் கலர் சட்டத்தை நாளைக்குக் காலையில் முதல் வேலையாக மாற்றிவிடுகிறேன். வணக்கம்.