ஒரு தரம் அடித்தால் ஓம்

மத்தியானம் பன்னிரண்டே கால். கரடியனாற்றுக்கு அப்பால், வயல் வட்டைக்கு நடுவே போகிற கிரவல் வீதி.

இரவு இல்லை, சதீசன். சிரிக்காதே. பேய் இருட்டில்தான் வரும் என்று உனக்கு யார் சொன்னது? வெயில் உச்சியில் நின்றது. வெள்ளாமை வெட்டி முடிந்த வயல்... ஆள் இல்லை, மாடு இல்லை. ஒதுங்கி நிற்க ஒரே ஒரு மருத மரம், அதுவும் தூரத்தில்.

அந்த வீதியில் ஸ்கூட்டியில் தனியாகப் போனவள் எறிக்கா. எங்கள் அலுவலகத்தில் வான் ஓட்டினானே டஸ்டின், அவனுடைய அக்கா. மட்டக்களப்பு டவுனில் பறங்கிக் குடும்பம். நாங்கள் செய்கிற இதே வேலைதான் அவளும் செய்தாள். கடும் வருத்தம் வந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவது, பிள்ளையோடு கதைப்பது, தாய் தகப்பனோடு கதைப்பது. மருந்து கொடுக்கிற வேலை இல்லை, கதைக்கிற வேலை.

இதை ஏன் இன்றைக்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு உங்கள் மேல் கோபம். பின்னேரம் பயிற்சியில் நான் வருத்தக்காரப் பிள்ளையாக நடித்தேன். "நான் செத்துப் போவனா?" என்று கேட்டேன். நீங்கள் பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, "எல்லாம் சரியாகும்" என்று சொல்லிவிட்டுப் போய் பிளேன்டீ குடித்தீர்கள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. இப்போது கரண்டும் போய்விட்டது. இந்தப் பெரியகல்லாற்று விடுதியில் ஓடவும் இடமில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். ஆகவே இருந்து கேளுங்கள்.

எறிக்காவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

கிண்.

ஆட்டுக் கழுத்தில் கட்டுவார்களே, அந்தச் சின்ன மணி. திரும்பிப் பார்த்தாள். ஆடு இல்லை. காற்றுக்கூட இல்லை. ஆனால் ஒரு மணம் வந்தது... ஸ்பிரிட் மணம், அதோடு வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்தின் மணம். அந்த மணத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்பு வரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதற்குள்தான் இருந்துவிட்டு வருவாள். நிருஷாவின் கட்டிலடியில்.

நிருஷாவுக்கு ஒன்பது வயது. இரத்தப் புற்றுநோய். கொழும்பில் எல்லா வைத்தியமும் பார்த்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வாய் முழுக்கப் புண். கதைக்க முடியாது. ஊதா மருந்தைத் தானே விரலால் தொட்டுப் பூசுவாள், யாரையும் தொட விடமாட்டாள். பத்து விரலும் எப்போதும் ஊதா.

எறிக்கா கெட்டிக்காரி. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். வளவில் நின்ற குட்டியாட்டின் மணியைக் கழற்றி நிருஷாவின் கையில் கொடுத்தாள்.

"ஒரு தரம் அடிச்சா ஓம். ரெண்டு தரம் அடிச்சா இல்ல. சரியா மகள்?"

கிண்.

அன்று முதல் அந்தப் பிள்ளைக்கு வாய் திரும்பக் கிடைத்தது. தண்ணீர் வேண்டுமா, ஓம். நோகிறதா, ஓம். மாமி வந்து பார்க்கட்டுமா, இல்லை. மாமி அழுதுகொண்டே இருப்பாள், அதனால் இல்லை. எறிக்கா புறப்படும்போதும் அனுமதி கேட்பாள். "போயிற்று வரட்டா?" மணி ஒரு தரம் அடித்த பிறகுதான் எழும்புவாள். சில நாள் இரண்டு தரம் அடிக்கும். அப்படியே உட்கார்ந்துவிடுவாள்.

இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "நீ என்னத்தக் கேட்டாலும் நான் உனக்குப் பொய் சொல்லமாட்டன்." அந்த வாக்கைக் கொடுக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை.

தகப்பன் நல்லரத்தினம், வயல் செய்கிற மனுசன். ஒரு வியாழன் படலையடியில் எறிக்காவை மறித்தார்.

"மிஸ், ஒரு கத செல்லுறன். என்ட புள்ளக்கிட்ட சாவு எண்ட கதய எடுத்தீங்களெண்டா, மறுகா இந்த வளவுக்க கால் வைக்க ஒண்ணா."

பாவம், அவரை ஏசிப் பயனில்லை. அவருடன் இருந்து பேச வேண்டியது எறிக்காவின் வேலை. அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கென்று நிருஷா கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். கோணல் மாணலாக, ஊதாக் கறையோடு.

"நான் செத்துப் போவனா?"

வாசலில் தகப்பன் நின்றார். எறிக்கா கொப்பியை மூடினாள்.

"இல்ல மகள். எல்லாம் சரியாகும். மாரி முடிய நீ பள்ளிக்கூடம் போகலாம்."

அந்தப் பிள்ளை அவளையே பார்த்தது. கண்ணை எடுக்கவில்லை.

கிண்... கிண்.

எறிக்கா எழும்பி வந்துவிட்டாள். அன்றைக்கு அனுமதி கேட்கவில்லை.

அடுத்த வியாழன் போகவும் இல்லை. காய்ச்சல் என்று அலுவலகத்துக்குச் சொன்னாள். அந்த வியாழன் பின்னேரம்தான் நிருஷா செத்தாள். செத்த வீட்டுக்குப் போன எறிக்காவை முற்றத்திலேயே பிடித்துக்கொண்டாள் தாய் யசோதினி.

"விடிஞ்சதில இருந்து மணி அடிச்சது மிஸ். தண்ணியா எண்டு கேட்டன், ரெண்டு தரம். நோகுதா எண்டு கேட்டன், ரெண்டு தரம். மிஸ் வரணுமா எண்டு கேட்டன்... ஒரு தரம். மறுகா அடிச்சிக்கிட்டே இரிந்தது. இப்ப என்னத்துக்கு வந்தீங்க? போங்க."

மணியைக் கையிலிருந்து எடுக்க முடியவில்லையாம். விரல்கள் இறுகிவிட்டன. அப்படியே வைத்துத்தான் புதைத்தார்கள்.

"பஹீமா, போதும். விடு," என்கிறாய். உனக்குப் போதும், சதீசன். அந்தப் பிள்ளைக்குப் போதவில்லையே.

அந்த மத்தியானம் எறிக்கா போய்க்கொண்டிருந்தது புதுப் பிள்ளை ஒன்றைப் பார்க்க. பிரதீஸ், ஏழு வயது, மூளைக்குள் கட்டி. அதே வீதி, நிருஷாவின் வீட்டைத் தாண்டி இரண்டு கட்டைத் தூரம். மணிச் சத்தத்தை மனப்பிரமை என்று தள்ளிவிட்டு அந்த வீட்டுக்குள் போய், பாயில் கிடந்தவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். பழகிய வாய் பழகியதைச் சொன்னது.

"ஒண்டுக்கும் பயப்படாத மகன். எல்லாம் சரியாகும்."

கிண்... கிண்.

அறைக்குள்ளேயே. பாயின் அந்தப் பக்கத்திலிருந்து.

தாய் வெளியே எட்டிப் பார்த்தாள். "ஆரிட ஆடு கா இது? எங்கட வளவுக்க ஆடு இல்லயே."

பிரதீஸ் எறிக்காவைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, அது இல்லயாம்."

அவனுக்கு அந்த மணிக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எறிக்கா எழும்பி ஓடத்தான் நினைத்தாள். ஆனால் பிள்ளை அவளையே பார்த்தது, நிருஷா பார்த்த அதே பார்வை. அவள் முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள்.

"எனக்குத் தெரியா மகன். சரியாகுமா எண்டு ஒருத்தருக்கும் தெரியா. எனக்கும் பயமாத்தான் இரிக்கு."

கிண்.

ஒரு தரம். பிரதீஸ் மூச்சு விட்டான். அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டு, தன் நாய்க்குட்டி இரவில் எங்கே படுக்கும் என்று கேட்டான். ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தார்கள். அந்த ஒரு மணித்தியாலம் அவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே வந்தபோது அவளுக்கு ஒரு எண்ணம். நிருஷா கேட்பது இதைத்தான், உண்மையைச் சொன்னால் போய்விடும். வீட்டுக்குத் திரும்பாமல் நேரே மயானத்துக்குப் போனாள். வட்டையின் மேற்குக் கரையில் ஒரு சின்ன மண்மேடு. வெயிலில் மண் வெடித்திருந்தது. முழங்காலில் இருந்தாள்.

"நீ சாகப் போறாய் எண்டு எனக்குத் தெரியும் நிருஷா. தெரிஞ்சுகொண்டுதான் இல்ல எண்டு சொன்னன். அதுக்கு அடுத்த வியாழன் எனக்குக் காய்ச்சல் இல்ல. உன்ட முகத்தப் பார்க்கப் பயத்தில வரயில்ல. என்ன மன்னிச்சிரு."

ஒரு சத்தமும் இல்லை. தும்பி பறக்கிற சத்தம் மட்டும்.

கடைசியாகக் கேட்டாள். "போயிற்று வரட்டா?"

கிண்.

மண்ணுக்குள்ளிருந்து. உள்ளே, ஆழத்தில்.

இரண்டாவது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... ஐந்து. வரவில்லை. ஓம் என்றுதானே அர்த்தம்? எறிக்கா அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மண்மேட்டைத் தடவிவிட்டு எழும்பினாள்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிரவல் வீதியில் ஏறினாள். மனம் லேசாக இருந்ததாம். மருத மரம் கடந்தது. கிரவல் முடிந்து தார் வீதி ஏறுகிற இடத்தில் ஒரு மதகு. மதகடியில் வேகத்தைக் குறைத்தாள்.

ஸ்கூட்டியின் பின்பக்கம் மெல்லப் பதிந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தால் பதியுமே, அப்படி.

ஸ்பிரிட் மணம். ஊதா மருந்தின் மணம்.

வலது காதுக்குப் பக்கத்தில்...

கிண்.

இரண்டாவது.

எறிக்கா திரும்பிப் பார்க்கவில்லை. டவுன் வரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. டஸ்டின்தான் கேற்றைத் திறந்தான். அவனைத் தாண்டி அவள் உள்ளே போகும்போது அவளுடைய முதுகைப் பார்த்தான். வெள்ளைச் சட்டை. இடுப்பின் இரண்டு பக்கமும், பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்ததுபோல் சின்ன விரல் அடையாளங்கள். பத்தும் ஊதா.

அந்தச் சட்டையை அன்றைக்கே கொல்லைப்புறத்தில் போட்டு எரித்தார்கள். டஸ்டின் பக்கத்தில் நின்று சாம்பலாகும்வரை பார்த்தான்.

அடுத்த வியாழன் எறிக்கா வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்து கதிரையிலேயே இருந்தாள். பின்னேரம் எழும்பினபோது புதுச் சட்டையிலும் ஊதா விரல்கள் பத்தும் இருந்தன.