பட்டினி போடாத கூண்டுகள்

எலிகளை எனக்குப் பிடிக்கும். காதைத் தடவினால் கண்ணை மூடிக்கொள்ளும்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை சிறியது. முப்பது எலிகளுக்கு ஊசி போட்டுச் சர்க்கரை நோய் வரவழைப்போம். பாதிக்குத் தீனியில் குரோமியமும் துத்தநாகமும் கலந்த பொடி. மீதிக்கு வெறும் தீனி. இரத்தம் எடுப்பதற்கு முந்தின மாலை எல்லாக் கூண்டுகளிலும் தீனித் தட்டை எடுத்துவிட வேண்டும். தின்ற எலிக்கு இரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கும்.

முதல் சோதனையில், பொடி தின்ற எலிகளுக்குக் கொழுப்பு பாதியாக இருந்தது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. மாலையில் என்னை அழைத்துப்போக வந்த என் மனைவியிடம் ஒரு டப்பா பொடியை நீட்டினார். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை.

“கொழுப்பு இறங்கினா சர்க்கரையும் தானா இறங்கும்மா. இனிமே இன்சுலின் எதுக்கு?”

நான் தயங்கினேன்.

“ஏங்க, எலிக்கு ஒத்துக்கிட்டது உங்க பொண்டாட்டிக்கு ஒத்துக்காதா?” என்று சிரித்தாள். இன்சுலினை நிறுத்திய ஆறாம் நாள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த பேராசிரியர், சாப்பாட்டு நேரமானதும் சுவர்ப்பக்கம் திரும்பி, சட்டையைத் தூக்கி இன்சுலின் போட்டுக்கொண்டார். அவருக்கும் சர்க்கரை என்று அன்றுதான் தெரிந்தது.

“நீங்க பொடி சாப்பிடலையா சார்?”

“நமக்கெல்லாம் இன்னும் ரெண்டு சோதனை பார்த்துக்கணும் தம்பி.”

பார்த்துக் கொடுத்தேன். இரண்டு தடவையும் பொடி தின்ற கூண்டுகளை மட்டும் பட்டினி போட்டேன். மற்றவற்றில் தட்டை நிரப்பி வைத்தேன். வேறெதையும் தொடவில்லை. எண்கள் அழகாக வந்தன.

“ராசியான கைடா உனக்கு” என்றார். திங்கட்கிழமை இன்சுலினை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் மூச்சு வாங்கிற்று. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி என் கையைப் பிடித்தார். “பொடி வேலை செய்யுது சார், கொஞ்சம் பொறுங்க” என்றேன். அவர் கை சில்லிடும்வரை நானும் விடவில்லை.

பொடி விற்பனைக்குக் கடைகளுக்குப் போய்விட்டது என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். அதை நிறுத்துவது உங்கள் வேலை.

முதல் சோதனையிலும் இப்படித்தான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. அதற்கு முந்தின மாலை சினிமாவுக்கு நேரமாகிவிட்டது, அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பொடி போடாத கூண்டுகளில் தட்டை எடுக்க மறந்துவிட்டேன். காலையில் பார்த்தேன். சொல்லலாம் என்றுதான் இருந்தேன்; அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அது வெறும் மறதி. அவளைக் கொன்றது அவர்.