புள்ளிக் கோட்டில் என் அறை

சமையலறையில் அடுப்பும் ஃபிரிட்ஜும் பாத்திரம் கழுவும் இடமும் நாலைந்து எட்டு வைக்கும் தூரத்துக்குள் இருக்க வேண்டும், சார். தள்ளிப் போனால் சமைப்பவளுக்குக் கால் வலிக்கும். இருபத்தாறு வருடம் ஒரு இன்ஜினியர் அலுவலகத்தில் வீடுகளுக்கு வரைபடம் போட்டவள் நான்.

உப்பளத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டையும் நான்தான் வரைந்தேன். தளத்துக்குக் கம்பி கட்டிய நாள் முழுக்க வெயிலில் நின்று பார்த்தேன். பதிவு மட்டும் தம்பி அன்பழகன் பெயரில். தனியாக இருக்கும் பெண்ணுக்கு எதற்கு அலைச்சல் என்று அவன் சொன்னான். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

போன வருடம் அவன் மனைவி சிவசங்கரிக்கு ஓபன் கிச்சன் ஆசை வந்தது. சமையல், சாப்பாடு, ஹால் மூன்றும் ஒரே இடமாக. சமைத்துக்கொண்டே மகள் சுடர்விழி படிப்பதைப் பார்க்கலாம் என்றாள். நியாயமான ஆசை. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் என் அறை இருந்தது.

"நீயே வரஞ்சு குடுத்துடுக்கா," என்றான் தம்பி. "வெளி ஆளு சொதப்பிடுவான்."

நான் எங்கே படுப்பது என்று கேட்டேன். அவன் ஃபோனைப் பார்த்தான். சிவசங்கரிதான் பதில் சொன்னாள்.

"அரியாங்குப்பத்துல ஒரு முதியோர் ஹோம் பாத்து வச்சிருக்கோம் அண்ணி. நல்லாக் காத்து வருது."

இடிக்க வேண்டிய சுவரைப் புள்ளிக் கோட்டால் காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். என் அறையைப் புள்ளிக் கோட்டில் வரைந்தேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு நாற்காலி போட்டிருந்தேன். மூன்று போதும் என்றாள் சிவசங்கரி.

"இருக்கட்டும்டி," என்றான் தம்பி. "அக்கா எப்பனா வந்தா உக்கார வேணாமா?"

அன்பாகத்தான் சொன்னான். அன்றுதான் நான் முடிவு செய்தேன்.

என் அறையின் ஹால் பக்கச் சுவர்தான் தளத்தைத் தாங்கியது. மேஸ்திரி கலியமூர்த்தி விவரமானவர். இடிப்பதற்கு முன் என்னிடம் வந்தார்.

"சுவரு போனா தாங்குறதுக்குத் தளத்துக்குள்ளயே பீம் எதுனா ஓடுதாம்மா? பாத்தா தெரியல."

ஓடுகிறது என்றேன். நான் நின்று கட்டிய வீடு என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை. அவரைக் கேஸில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள், சார்.

சுவர் போன மறுவாரம் மேசைக்கு நேர் மேலே முடி கனத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. பெயின்டரைக் கூப்பிட்டுப் பட்டி வைத்து மூடச் சொன்னேன். மொட்டை மாடியில் வைக்க வேண்டிய புதுத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்த இடத்தையே வரைபடத்தில் குறித்தேன். குழாய் நீளம் குறையும் என்று காரணம் சொன்னேன். குறையவும் செய்தது.

பிறகு ஹோமுக்குப் போனேன். நல்ல காற்று வந்தது.

மூன்று வாரம் கழித்துத் தம்பி ஃபோன் செய்தான். தொட்டி வந்து வைத்தாகிவிட்டதாம். முதல் தண்ணீரை நான்தான் ஏற்ற வேண்டுமாம்.

"உன் கைராசி நல்ல ராசிக்கா. நீ வந்து மோட்டாரைப் போடு. அப்படியே சாப்பிட்டுப் போலாம்."

போனேன். மோட்டார் சுவிட்ச் பின்பக்கச் சந்தில் இருக்கிறது. தொட்டி நிரம்ப அரை மணி ஆகும், நீங்கள் சாப்பிட உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுச் சந்துக்குப் போனேன். சுவிட்சைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். தம்பி உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டான்.

"வாக்கா, சோறு ஆறுது."

இங்கேயே இருந்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மோட்டாரை அணைத்திருப்பேன். சாப்பிடத்தான் கூப்பிட்டான். தொட்டி நிரம்புவதற்குள் தளம் மேசை மேல் இறங்கிவிட்டது.

சுடர்விழியைப் பற்றிக் கேட்கிறீர்கள். போகிற வழியில் அவள் டியூஷனுக்குப் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கதவைத் திறந்து, "அத்தை வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தவள் அவள்தான்.